தில்லிச் சுவரும் சித்தூர் வீடும்

சென்ற நவம்பர் மாதத்தில், இளைய குழந்தைக்கு முடியிறக்கும் பிரார்த்தனையை நிறைவேற்றத் திருப்பதிக்குச் சென்று வந்தோம். திருப்பதி யாத்திரையைப் பற்றி இந்த ஏட்டில் அன்பர்கள் பலர் முன்னமே எழுதியிருக்கின்றனர். கல்யாணகட்டாவின் கூட்டத்தையும், வரிசையில் நின்ற நேரத்தையும், லட்டின் சுவையையும் நாமும் ஒருமுறை வருணிப்பதால் யாருக்கும் புதிதாக ஒன்றும் கிட்டப்போவதில்லை. நாம் சொல்லப் புகுந்தது வேறு. அந்தப் பிரயாணத்தில் நம் பெட்டிக்குள், குழந்தையின் புதுச்சட்டைக்கும் காணிக்கை முடிந்த மஞ்சள் துணிக்கும் நடுவே, ஒரு புகைப்படம் இருந்தது. அதைச் சித்தூரில் ஒருவரிடம் சேர்ப்பிக்க வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், போகும் வழியெல்லாம் நம் மனம் அந்தப் படத்தின்மீதே இருந்தது.

படத்தில் இருப்பது ஒரு கருங்கல் சுவர். தில்லியில் வாழும் நம்மவர்கள் இந்தியா கேட்டுக்கு அருகிலுள்ள தேசியப் போர் நினைவகத்தைக் கண்டிருப்பார்கள். 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று அது திறக்கப்பட்டது. இந்தியா கேட்டின் சுவர்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. ஆனால் அவை முதல் உலகப் போரிலும் அதையடுத்த ஆப்கானியப் போரிலும் வெள்ளையர் ஆட்சிக்காக மாண்டவர்களுடையவை. 1971ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அங்கே ஏற்றப்பட்ட அமர் ஜவான் ஜோதி, பெயர் தெரியாத வீரனுக்கு உரியது. சுதந்திர இந்தியாவின் போர்களில் மாண்டவர்களின் பெயர்களை ஒருங்கே பொறித்த இடம் தலைநகரில் அமைவதற்குச் சுதந்திரம் பெற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இப்போது வட்டவட்டமாக எழுந்த சுவர்களில், பொன்னிற எழுத்துகளில், சுமார் 26 ஆயிரம் பெயர்கள் உள்ளன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுடன் அங்கே போயிருந்தோம். திரும்பும் நேரத்தில் இல்லாள், "எங்கள் பெரியப்பா பெயரும் இங்கே இருக்குமோ?" என்று கேட்டாள். கேட்ட பிறகு அப்படியே வந்துவிட முடியுமா? பெயர்களைத் தேடித்தரும் ஊழியர் ஒருவரின் உதவியால், அரைமணி நேரத்தில் அந்தக் கல்லின் முன் நின்றோம். பெயர் இருந்தது. மூத்த குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். இல்லாள் கைப்பேசியில் படம் பிடித்தாள். இரண்டு நாள் கழித்து அதைக் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சிட்டு வாங்கினோம்.

அந்தப் பெரியப்பா மதராஸ் ரெஜிமென்டில் நாயக் பதவியில் இருந்தவர். சித்தூர்த் தமிழர். 1987ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானதும், அமைதி காக்கும் படை இலங்கை சென்றது. அக்டோபர் 10 முதல் அமைதி காக்கப் போன படையே போரில் இறங்கியது. நவம்பர் மாதத்தில் யாழ்ப்பாணத்துப் பக்கம் எங்கோ ஒரு சாலையில் அவர் மாண்டார். அப்போது பெரியம்மாவுக்கு வயது இருபத்திரண்டு, கையில் பெண்குழந்தை.

அதே மாதம் 25ஆம் நாள், மேஜர் இராமசாமி பரமேஸ்வரனும் அந்த மண்ணில் உயிர் நீத்தார். பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழர் அவர். நம்மைப் போல் ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை. அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவர் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். நாயக்குகளின் பெயரை யார் அறிவார்? இலங்கையில் மாண்ட இந்தியப் படையினர் சுமார் 1,200 பேர். 1990ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது, அன்றைய தமிழக முதலமைச்சர் வரவேற்கச் செல்லவில்லை. தமிழ் மக்கள் இரத்தம் சிந்தியதற்குக் காரணமான படையை எப்படி வரவேற்பது என்பது அவர் தரப்பு. அதில் நியாயம் இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். யாழ்ப்பாண மருத்துவமனையில் அந்த அக்டோபரில் நடந்ததை மறப்பதற்கில்லை. ஆயினும், உத்தரவுக்குப் பணிந்து போய் உயிரோடு திரும்பாத ஒருவனின் மனைவிக்கு அந்த வழக்கில் என்ன பங்கு? கொழும்புக்கு அருகே இலங்கை அரசு இந்தப் படையினருக்கு 2008ஆம் ஆண்டிலேயே நினைவுச்சின்னம் எழுப்பிவிட்டது. தில்லிச் சுவரில் பெயர் ஏற அதற்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஹஜ்ரத் நிஜாமுத்தீனில் வண்டியேறி, இரண்டு இரவுகள் கழித்துக் கடப்பையைத் தாண்டினோம். சேஷாசல மலைத்தொடர் கண்ணில் பட்டதும் பெட்டியிலிருந்தவர்கள் கோவிந்தா என்றனர். எதிர் இருக்கையில் விடுமுறைக்குப் போகும் இளஞ்சிப்பாய் ஒருவர் இருந்தார். காலடியில் பெயரும் எண்ணும் வெள்ளைச் சாயத்தில் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டி. டிக்கெட் ஜன்னலுக்குள் அமர்ந்து பிழைக்கும் நமக்கு அந்தப் பெட்டி வெகு பழக்கம். வாரண்டுத் தாளை நீட்டுபவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த வண்டி சீக்கிரம் போகும், சார்?" பத்து நாள் விடுமுறையில் நான்கு நாளை ரயில் தின்றுவிடும் துக்கம் அவர்களுக்கு.

அதே ஜன்னலுக்கு வேறு சிலரும் வருவதுண்டு. போரில் கணவரை இழந்த பெண்டிருக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் நூற்றுக்கு 75 பங்கு கட்டணச் சலுகை இருந்தது. இலங்கையில் மாண்டவர்களின் மனைவியரும் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தனர். 2020 மார்ச்சில், நோய்ப் பரவலின்போது நிறுத்தப்பட்ட சலுகைகளில் இதுவும் ஒன்று. அட்டையை நீட்டும்போது அந்தப் பெண்கள் தலை நிமிர்ந்து நிற்பதைக் கண்டிருக்கிறோம். டிக்கெட்டின் விலையைக் காட்டிலும், ஜன்னலின் மறுபுறம் இருப்பவன் அந்த அட்டையைப் படித்துப் பார்க்கிறான் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்ததோ என்று இப்போது எண்ணுகிறோம்.

திருப்பதியில் முடியிறக்கித் தரிசனம் முடிந்து கீழே இறங்கினோம். இவ்வூர் பக்திக்குப் பேர் போனது; படைத்தலைவர் ஒருவரின் ஊர் என்பதைப் பலர் அறியார். மேஜர் ஜெனரல் சித்தூர் வேணுகோபால் திருப்பதியில் பிறந்தவர். 1971ஆம் ஆண்டு கிழக்குப் போர்முனையில், லெப்டினன்ட் கர்னலாக, கூர்க்கா ரைபிள்ஸ் பட்டாளம் ஒன்றைத் தலைமை தாங்கி நடத்தி மகாவீர் சக்கரம் பெற்றார். அந்தப் போரின் பொன்விழாவை முன்னிட்டு, 2020 டிசம்பர் 16 அன்று தில்லி நினைவகத்துச் சுடரிலிருந்து நான்கு தீபங்கள் ஏற்றி நாட்டின் நான்கு திக்குகளுக்கும் அனுப்பினார்கள். அவற்றுள் ஒன்று 2021 பிப்ரவரி 18 அன்று திருப்பதிக்கு வந்தது. அன்றைய முதலமைச்சர் ஜகன்மோகன் ரெட்டி, முதிய தளபதியின் இல்லத்துக்கே சென்று மரியாதை செய்தார். நாம் குழந்தைகளுடன் எந்தச் சுவரின்முன் நின்றோமோ, அங்கிருந்து புறப்பட்ட நெருப்பு இந்த ஊர்த் தெருவரை வந்திருக்கிறது. சித்தூருக்கு இன்னும் எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் பெரியம்மாவின் வீட்டுக்கு அந்தச் சேதிகூட எட்டவில்லை என்று பிறகு தெரிந்தது.

திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் பாகாலா வழியாக ரயில் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்திய ரயில்வே போட்ட மீட்டர் பாதை. பின்னர் அகலப் பாதையாயிற்று. சந்திரகிரிக் கோட்டையும் ராஜமகாலும் கடந்தால் பாறைக் குன்றுகள், மாந்தோப்புகள், கரும்பு. பாகாலாவில் ஒரு பாதை பிரிந்து, பீலேர், கலிகிரி, மதனப்பள்ளி ரோடு என்று மேற்கே தர்மாவரத்துக்குப் போகிறது. கலிகிரியில் 2014ஆம் ஆண்டு முதல் சைனிக் பள்ளி நடக்கிறது.

மேற்கே பலமநேர், புங்கனூர்ப் பக்கத்து மேட்டுநிலங்களில் வீரக்கற்கள் மிகுதி. பல்லவர், பாணர், கங்கர், நுளம்பர் என்று பல அரசர்கள் மோதிய எல்லைப்புறம் அல்லவா? ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும் ஊர் காத்து வீழ்ந்தவனுக்கும் கல் நட்டார்கள். தெற்கே குடியாத்தத்துக்கு அருகிலுள்ள கீழ்முட்டுகூரிலும் அத்தகைய பழைய தமிழ்க் கல் கிடைத்திருக்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பது தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு துறைகளாகச் சொல்கிறது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். பள்ளியில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. கல் நட்டதோடு அக்காலத்தவர் நின்றுவிடவில்லை. மாண்டவனின் குடும்பம் பிழைக்க நிலமும் விட்டார்கள். கல்வெட்டுகளில் அந்நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர்ப்பட்டி என்றும் வரும். நெய்த்தோர் என்றால் இரத்தம். சித்தூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை; தெலுங்கில் இன்றும் இரத்தத்துக்கு நெத்துரு என்பதே பெயர். கல் ஊர் எல்லையில் நிற்கும். நிலம் வீட்டுக்குச் சோறு போடும். இரண்டும் சேர்ந்தால்தான் கடன் தீர்ந்தது என்று அந்த நாளைய ஊரார் கருதியிருக்கிறார்கள்.

வெள்ளையர் காலத்தில் அந்த வழக்கம் எப்படிச் சுருங்கிற்று என்பதை அறிய, சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலூருக்குப் போகலாம். லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு பலகை இருக்கிறது. 1914 முதல் நடந்த பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தனர் என்று எழுதியிருக்கும். பதினால்வர் யார் என்று எழுதவில்லை.

சித்தூர் நிலையத்தில் இறங்கியதும் காதில் தமிழும் தெலுங்கும் கலந்தே விழும். வண்டிக்காரர் தெலுங்கில் கூலி கேட்டார், நாம் தமிழில் பேரம் பேசினோம், இருவருக்கும் சிரமமில்லை. பழைய சென்னை மாகாணத்து மாவட்டம் இது. 1953இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்குத் திரும்ப, சித்தூர் அங்கேயே நின்றுவிட்டது. ஊரை விட்டுப் போகாமலே அயல் மாநிலத்தவரானவர்கள் இவ்வூர்த் தமிழர். பெரியம்மா, நமக்கு முறைப்படி பெரிய அத்தை, வெல்ல மண்டிகளுக்குப் பின்புறம் ஒரு சந்தில், இரண்டு அறை கொண்ட சொந்த வீட்டில் இருக்கிறார். மகள் பெங்களூரில் வாழ்கிறாள்.

"வாங்க மாப்பிள்ளை, மொட்டை அழகா இருக்குது" என்று குழந்தையின் தலையில் தடவிய சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தார். காப்பி வந்தது. படத்தை எப்போது எடுப்பது என்று நமக்குத் தெரியவில்லை. இல்லாளும் எடுக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பின் அவரே அந்தக் காலத்துப் பேச்சை எடுத்தார்.

1999இல் கார்கில் போர் நடக்கும்வரை, போரில் மாண்ட சிப்பாயின் உடலை வீட்டுக்கு அனுப்புவது வழக்கமாக இருக்கவில்லை. அங்கேயே தகனம் செய்துவிடுவார்கள். பெரிய அத்தைக்கு வந்தது ஒரு தந்தி. இரண்டு மாதம் கழித்துக் கறுப்பு இரும்புப் பெட்டி. அதில் இரண்டு சட்டை, ஒரு கம்பளி, சவரக் கருவி, முடிக்காத கடிதம். அந்தப் பெட்டியில்தான் இன்றைக்கும் அரிசி வைத்திருக்கிறார். துக்கம் கேட்க வந்த உறவினரில் சிலர், "நம்ம சனத்தையே சுடப் போனவன்தானே" என்று வாசலிலேயே பேசிவிட்டுப் போனார்களாம். "அந்தப் பக்கமும் என்னைப்போல எத்தனையோ பேரு தாலி அறுத்திருப்பாங்க, மாப்பிள்ளை. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

பென்ஷன் கதை வேறு. படையினர் குடும்பத்துக்கான பென்ஷன் ஒரே வகையல்ல. சாதாரணமாக இறந்தால் கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30. பணியின் காரணமாக இறந்தால் 60. போர் நடவடிக்கையில் மாண்டால் கடைசிச் சம்பளம் முழுவதும். பெரிய அத்தைக்கு உரியது முழுச் சம்பளம். கிடைப்பதற்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. காரணம், ஓர் எழுத்து. படைப் பதிவேட்டில் கணவரின் பெயர் வெறும் பெயராக இருந்தது. ரேஷன் அட்டையில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு இருந்தது. இருவரும் ஒருவர்தான் என்று மெய்ப்பிக்க வேண்டுமென்று ஓர் அலுவலகம் கேட்டது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். கைக்குழந்தையுடன் அதன் வராந்தாவில் எத்தனை நாள் உட்கார்ந்தார் என்பதை அவரே எண்ணவில்லை. நாமும் ஒரு குமாஸ்தா. 'நாளை வா' என்ற சொல்லை நாமும் சொல்லியிருக்கிறோம். அதைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பது எளிதாக இல்லை.

பணம் வரத் தொடங்கியதும் மாமியார் தம் பங்கு என்ன என்று கேட்டார். சட்டப்படி பென்ஷன் மனைவிக்கே. ஆனால் மகனை இழந்த தாய் எங்கே போவாள்? பெரிய அத்தை மாதாமாதம் மூன்றில் ஒரு பங்கை மாமியாரின் முந்தானையில் முடிந்துவிட்டு வந்தார். கிழவி கண்மூடும்வரை, பத்தொன்பது ஆண்டுகள்.

இன்றைய நிலை அப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்துடன் மாண்டவர்களில் லான்ஸ் நாயக் சாய் தேஜாவும் ஒருவர். அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த குரபலகோட்டப் பக்கத்துக் கிராமத்தவர். நான்கு நாள் கழித்து அவர் உடல் ஊருக்கு வந்தபோது சாலை நெடுகிலும் சனங்கள் நின்றார்கள். மாநில அரசு குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் அறிவித்தது. 2025 ஜனவரியில் காஷ்மீரத்துச் சோப்பூர் அருகே மாண்ட சிப்பாய் பங்கல கார்த்திக், சித்தூரை அடுத்த பங்காருபாளையம் மண்டலத்தவர். அவரையும் ஊரே கூடி வழியனுப்பிற்று. பெரிய அத்தை இரண்டையும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். "நல்லது. அந்தப் பொண்ணுங்களாவது முகத்தைப் பாத்தாங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "இனிமே யாராவது மாசா மாசம் போய்ப் பாக்கணும். கூட்டம் போனப்புறம்தான் கஷ்டம்" என்று சொன்னார்.

அன்று பிற்பகல் நாம் செய்த ஒரே உருப்படியான காரியம், அவருடைய வாழ்நாள் சான்றிதழைப் பதிந்து கொடுத்ததுதான். இப்போது படைத்துறைப் பென்ஷன்கள் 'ஸ்பர்ஷ்' என்னும் இணைய ஏற்பாட்டின்மூலம் வழங்கப்படுகின்றன. ஆண்டுதோறும் உயிரோடிருப்பதை அதில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பணம் நின்றுவிடும். உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி நான்கு முறை ஏற்க மறுத்தது; ஐந்தாம் முறை ஏற்றது. தில்லியில் நம்மவர் குடும்பங்களில் இத்தகைய காரியம் தெரிந்த இளைஞர் எத்தனை பேர்! அவரவர் ஊரில் இப்படி ஒரு அத்தை இல்லாமலா இருப்பார்?

இன்னொன்று. இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திருக்குக் கிருத்திகைதோறும் போகிறோம். அதே இராமகிருஷ்ணபுரத்தில்தான் கேந்திரிய சைனிக் போர்டின் தலைமை அலுவலகம் இருக்கிறது. முன்னாள் படையினருக்கும் விதவைகளுக்கும் அது தரும் உதவித்தொகைகள் 2025 நவம்பர் முதல் இருமடங்காயின. பென்ஷன் இல்லாத, அறுபத்தைந்து வயது கடந்த வறியவருக்கு மாதம் 8,000 ரூபாய். பிள்ளைகள் படிப்புக்கு மாதம் 2,000. மகள் திருமணத்துக்கு ஒரு லட்சம். ஹவில்தார் பதவிக்கு மேற்படாதவர்களுக்கு இவை. 1949 முதல் டிசம்பர் 7ஆம் நாளைக் கொடிநாளாக வைத்து, சிறு கொடியைச் சட்டையில் குத்தி உண்டியல் குலுக்குகிறார்களே, அந்த நிதியிலிருந்துதான் இவை வருகின்றன. மனுச் செய்வது மாவட்டச் சைனிக் அலுவலகத்தின் வழியாக. சித்தூரிலும் ஒன்று உண்டு. பெரிய அத்தைக்கு அந்த உதவி தேவைப்படவில்லை. ஆனால் அதே தெருவில், பென்ஷனுக்குரிய காலத்துக்கு முன்பே படையிலிருந்து விடுபட்ட ஒருவரின் மனைவி இட்டலி விற்றுக் காலம் தள்ளுகிறார். இப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் இல்லாள் படத்தை எடுத்தாள். பெரிய அத்தை மூக்குக் கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு, ஜன்னலருகே போய் வெகுநேரம் பார்த்தார். அழுவார் என்று எண்ணி நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அழவில்லை.

"இனிஷியல் இல்லையே" என்றார்.

படைப் பதிவேட்டில் உள்ளபடிதான் பொறிப்பார்கள் என்று மெல்லச் சொன்னோம்.

"ஆமாம், ஆமாம். அந்தப் பேருக்குத்தானே பென்ஷன் வருது. இருக்கட்டும்" என்று சொல்லி, படத்தைச் சுவரில் மாட்டாமல், பென்ஷன் தாள்கள் வைத்திருக்கும் பையில் வைத்தார். ஒரு நாழிகை கழித்து மறுபடியும் எடுத்துப் பார்த்ததைச் சமையலறையிலிருந்து கண்டோம். காலையில் எழுந்தபோது அது சுவாமி படத்துக்குக் கீழே இருந்தது.

மறுநாள் தில்லி வண்டிக்கு நிலையம்வரை வந்தார். இரண்டு வெல்ல உருண்டைகளைத் துணியில் கட்டிக் கொடுத்தார். ஒன்று நமக்கு, மற்றது மகள் பெங்களூரிலிருந்து வந்தால் கொடுக்க வைத்திருந்தது, அதையும் நமக்கே. வண்டி வரும் ஓசை கேட்டபோது கேட்டார்:

"அந்த இடத்துல நிழல் உண்டா, மாப்பிள்ளை? வெய்யில்ல நிக்குதா அந்தக் கல்லு?"

சுவர்களைச் சுற்றி வட்டமாக மரங்கள் நட்டிருக்கிறார்கள், நூற்றுக்கணக்கில் என்றோம். என்ன மரம் என்றார். அதை நாம் கவனித்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்து எழுதுகிறோம் என்று சொல்லி வண்டியேறினோம்.